செயற்கை நுண்ணறிவுக் கலையின் அடிப்படைக் குறியீடுகள்

எக்கலையைப் பயிலப் புகுவாரும் முதற்கண் அக்கலைக்குரிய குறியீடுகளைத் தெளிந்துகோடல் இன்றியமையாதது. குறியீட்டின் பொருள் மயங்கின் கலை முழுவதும் மயங்கும். இக்காலத்துக் கல்லூரி மாணவர் பலர் செயற்கை நுண்ணறிவு என்னும் கலையிற் சான்றிதழ் பெறுவான் வேண்டித் தேர்வு எழுதுகின்றனர். தொடக்க நிலைத் தேர்வுகளிற் கேட்கப்படும் வினாக்கள் பல, கடுங் கணக்கைப் பற்றியன அல்ல; ஒரு சொல்லுக்கும் அதனை அடுத்த சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியனவேயாம். சொல்லையும் பொருளையும் ஆராய்தல் தமிழ் பயில்வார் தொழிலாதலின், இலக்கண நெறி நின்று அக்குறியீடுகளுட் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும், பொது என்றும் சிறப்பு என்றும் நன்னூலார் பகுத்தனர். மரம் என்பது பொதுப்பெயர். பலா என்பது அதனுள் அடங்கிய சிறப்புப்பெயர். இப்பகுப்பு இக்கலைக்கும் பெரிதும் துணைபுரியும்.

செயற்கை நுண்ணறிவு என்பது பொதுப்பெயர். மக்கள் தம் அறிவாற் செய்யும் தொழில்களை இயந்திரத்தைக் கொண்டு செய்விக்கும் முறைகள் அனைத்தும் அதனுள் அடங்கும். அமெரிக்க நாட்டு டார்ட்மவுத் கல்லூரியில் 1956-ஆம் ஆண்டு வேனிற்காலத்துக் கூடிய ஆராய்ச்சிக் குழுவின்பொருட்டு, ஜான் மெக்கார்த்தி முதலிய அறிஞர் நால்வர் 1955-இல் வரைந்த விண்ணப்பத்தில் இப்பெயர் வழங்கப்பெற்றது. அதனுள் அடங்கிய சிறப்பு, இயந்திரக் கற்றல். மனிதன் விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடாது, எடுத்துக்காட்டுகள் பலவற்றினின்று இயந்திரமே விதியை வகுத்துக்கொள்ளச் செய்தல் அதன் இயல்பு. ஆர்தர் சாமுவேல் என்பார் செக்கர்ஸ் என்னும் காயாட்டத்தை இம்முறையால் ஆடும் கணிப்பொறியைப் பற்றி 1959-இல் வெளியிட்ட கட்டுரை இப்பெயரைப் பரப்பிற்று. இயந்திரக் கற்றலினுள்ளும் அடங்கிய சிறப்பு, ஆழ் கற்றல். பல அடுக்குகளாக அமைந்த நரம்பணு வலையைக் கொண்டு கற்பித்தல் அது. ஈண்டு 'ஆழ்' என்னும் அடை கருத்தின் ஆழத்தைக் குறித்ததன்று. அடுக்குகளின் மிகுதியைக் குறித்தது. பலா எல்லாம் மரமே. மரம் எல்லாம் பலா அல்ல. அதுபோல, ஆழ் கற்றல் எல்லாம் இயந்திரக் கற்றலே. இயந்திரக் கற்றல் எல்லாம் ஆழ் கற்றல் அல்ல. இவ்வொன்றனைத் தெளிந்தார் தேர்வில் இடர்ப்படார்.

இனிக் காரணப்பெயர்களை நோக்குவாம். இக்கலையின் பெயர்கள் பல, மனிதனோடு ஒப்புமை பற்றி எழுந்தன. ஒப்புமை எத்துணைத் தூரம் செல்லும் என்பதை அறிதலே ஈண்டு வேண்டுவது. மெக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர் 1943-இல் மூளையின் நரம்பணுவைக் கணித முறையால் விளக்கினர். அதன் வழி வந்த வலையில் 'நரம்பணு' எனப்படுவது உயிருள்ள அணு அன்று. தன்பால் வரும் எண்களை அவ்வவற்றிற்குரிய எடைகளாற் பெருக்கிக் கூட்டி, அத்தொகையை ஒரு விதிப்படி மாற்றி மற்றோர் எண்ணை வெளிவிடும் ஒரு சிறு கணக்கே அது. 'கற்றல்' என்பதும் அத்தகையதே. இயந்திரம் தந்த விடை உரிய விடையினின்று எவ்வளவு விலகிற்று எனக் கணித்து, அவ்விலக்கம் குறையுமாறு எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துதலையே ஈண்டுக் கற்றல் என்கின்றனர். அடுக்குகள் பல உள்ள வலையில் இத்திருத்தத்தைப் பின்னிருந்து முன்னாகக் கொண்டுசெல்லும் முறையை ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவர் 1986-இல் விளக்கி நிலைநாட்டினர். ஆண்டு உவகையும் இல்லை, ஐயமும் இல்லை. எண்களின் மாற்றமே உண்டு.

அக்கற்றல் மூவகைப்படும். ஓலைச்சுவடியின் படங்கள் பலவற்றை, 'இது ககரம்', 'இது ஙகரம்' எனச் சீட்டெழுதிக் கொடுத்துப் பயிற்றுதல் மேற்பார்வைக் கற்றல். சீட்டின்றிப் படங்களை மட்டுமே கொடுத்து, ஒத்தனவற்றை ஒருங்கு கூட்டுமாறு செய்தல் மேற்பார்வையில்லாக் கற்றல். ஆட்டத்தில் வெற்றிக்குப் பரிசெண்ணும் தோல்விக்குத் தண்டெண்ணும் வைத்து, ஆடி ஆடித் தேறச் செய்தல் வலுவூட்டற் கற்றல். பயிற்றிய படங்களைக் கொண்டே இயந்திரத்தைச் சோதித்தல் தகாது. முன்னர்க் காணாத படங்களைக் கொண்டே சோதித்தல் வேண்டும். பழைய வினாத்தாள்களின் விடைகளை உருப்போட்ட மாணவன் புதிய வினாவைக் கண்டு திகைப்பான் அன்றோ? பயிற்சியிற் சிறந்து சோதனையில் வழுவும் அந்நிலைக்கு மிகைப்பொருத்தம் என்று பெயர்.

நிற்க. தமிழில் இக்கலையைப் பயில்வார்க்கு மற்றுமோர் இடர் உண்டு. வேறு வேறு பொருள்களுக்கு ஒரே சொல் வழங்கி வருதலே அது. பயிற்சி பெற்ற கணித அமைப்பையும் 'மாதிரி' என்கிறோம். ஆராய்தற்கு எடுத்த சிறு பகுதியையும் 'மாதிரி' என்கிறோம். 'மாதிரியைக் கொண்டு மாதிரியைப் பயிற்றினர்' என்னும் தொடர் யாருக்கு விளங்கும்?

'துல்லியம்' என்னும் சொல்லால் விளையும் மயக்கம் இன்னும் கொடியது. அக்யூரசி, பிரிசிஷன் என்னும் இரண்டனையும் அச்சொல்லாலேயே பலர் குறிக்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். 1000 பேரை நோயின்பொருட்டுச் சோதித்ததாகவும், அவருள் 10 பேரே நோயுடையர் எனவும் கொள்க. முதல் இயந்திரம் ஒருவர்க்கும் நோயில்லை என்றது. அதன் கூற்று 990 பேரிடத்துச் சரியாயிற்று. ஆதலின் அதன் அக்யூரசி நூற்றுக்கு 99. இரண்டாம் இயந்திரம் 20 பேரை நோயுடையர் எனச் சுட்டிற்று. அவருள் 8 பேர் உண்மையில் நோயுடையர். சுட்டியவருள் உண்மையாயினார் விழுக்காடே பிரிசிஷன். 20-இல் 8, ஆகவே 40. உண்மை நோயாளருட் சுட்டப்பெற்றார் விழுக்காடு ரீகால். 10-இல் 8, ஆகவே 80. இவ்வியந்திரம் வீணே சுட்டியோர் 12 பேர், தவறவிட்டோர் 2 பேர். பிழை 14 ஆதலின் அதன் அக்யூரசி 98.6. முதல் இயந்திரமே அக்யூரசியில் உயர்ந்தது. ஆயின் நோயாளர் பதின்மரையும் கைவிட்டதும் அதுவே. சொல்லின் வேறுபாடு உயிரின் வேறுபாடாதலை இதனாற் காண்க.

'சார்பு' என்னும் சொல்லும் அத்தகைத்தே. கணித நூலார் அதனை எண்களின் தொடர்பு விதிக்கு வழங்குவர். நரம்பணுக் கணக்கிற் கூட்டப்படும் ஒரு தனி எண்ணுக்கும், ஒரு சாரார்க்கு இயந்திரம் இழைக்கும் ஓரவஞ்சனைக்கும் ஆங்கிலத்தில் பயஸ் என ஒரே பெயர் வழங்குதலால், அவ்விரண்டும் தமிழில் 'சார்பு' ஆயின. முன்னது குற்றம் அன்று, பின்னது பெருங்குற்றம். முகத்தை நோக்கி ஆண், பெண் எனப் பகுக்கும் இயந்திர முறைகள் மூன்றனை ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இருவர் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். வெண்ணிற ஆடவரிடத்துப் பிழை நூற்றுக்கு 0.8-ஐக் கடந்திலது, கருநிறப் பெண்டிரிடத்தோ 34.7 வரை சென்றது.

மொழியைக் கையாளும் இயந்திரங்களைப் பற்றியும் சில கூறுவாம். அவை சொற்களை அப்படியே கொள்வன அல்ல. டோக்கன் எனப்படும் துணுக்குகளாகப் பிரித்தே கொள்வன. ஒரு தமிழ்ச் சொல் பல துணுக்குகளாதலும் உண்டு. முன் வந்த துணுக்குகளை நோக்கி அடுத்து வரத்தக்கது எது எனக் கணிப்பதே பெருமொழி மாதிரியின் தொழில். அது இல்லாததை உள்ளதுபோற் கூறுங்கால் 'மருட்சி' என்பர். இப்பெயரும் மயக்கம் தருவதே. சரியான விடையும் பொய்யான விடையும் ஒரே கணிப்பினின்றே பிறக்கின்றன. மருளுதற்கு ஆண்டு ஒரு மனம் இருந்ததாகக் கருதலாகாது. 2023-இல் நியூயார்க் நகரத்து நீதிமன்றம், இத்தகைய இயந்திரம் புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்க்கு 5000 டாலர் தண்டம் விதித்தது. தண்டம் மனிதர்க்கே விதிக்கப்பட்டது, இயந்திரத்திற்கு அன்று என்பது நோக்கத்தக்கது.

பெயரால் மயங்குதல் இன்று தோன்றியதன்று. ஜோசப் வைசன்பாம் என்பார் 1966-இல் எலைசா என்னும் உரையாடல் நிரலை வெளியிட்டார். தட்டெழுதப்பட்ட சொற்களையே சில விதிகளால் மாற்றி வினாவாகத் திருப்புவது அது. அதனோடு உரையாடியோர் அது தம் துயரை உணர்வதாகவே கருதியது கண்டு, அதனை ஆக்கியவரே கவலையுற்றார்.

ஆதலின், ஒவ்வொரு குறியீட்டையும் பயிலுங்கால் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புக. இஃது எப்பொதுவினுள் அடங்கும்? எவ்வொப்புமையால் இப்பெயர் பெற்றது, அவ்வொப்புமை எங்கே முடியும்? எச்சொல்லினின்று இதனைப் பிரித்தறிதல் வேண்டும்? இம்மூன்றற்கும் விடை கண்டார் தேர்வினையும் வெல்வர். உலகவழக்கின் மயக்கத்தையும் வெல்வர். மயக்கமற்ற தனித்தனிச் சொற்களை வகுத்தல் தமிழறிஞர் கடன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழில் மருத்துவம் கற்பித்தற்பொருட்டுக் குறியீடுகளை வகுத்து நூல்கள் வெளியிட்டமை நமக்கு நல்வழிகாட்டியாகும்.

ஏதேனில் ஆதாம் உயிர்கள் அனைத்திற்கும் பெயரிட்டான் என வேதம் கூறும். பெயரிட்டானேயன்றி அவற்றிற்கு உயிர் கொடுத்தானல்லன். நாமும் ஓர் இயந்திரத்திற்கு அறிவு என்று பெயரிட்டோம். பெயரிட்டமையால் அதற்கு மனம் வந்துவிடாது. அது தரும் விடைக்குப் பொறுப்பும் பெயரிட்ட நம்மையே சாரும்.