கொள்ளிடக் கரையில் கண்டது கீரியா, நீர்நாயா?

கேள்வி: திருவையாற்றுக்கு வடக்கே, பொழுது சாயும் நேரத்தில் கொள்ளிடத்தைப் படம் எடுத்தபோது, கீரிபோல் நான்கைந்து விலங்குகள் வரிசையாக நீந்திச் சென்றன. அவை என்ன?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீர்நாய்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கீரி இப்படிக் கூட்டமாக ஆற்றில் நீந்தாது.

இந்தியாவில் மூன்று வகை நீர்நாய்கள் உண்டு. காவிரிச் சமவெளியில் வாழ்வது, வழவழப்பான ரோமம் கொண்ட பெரிய வகை. 7 முதல் 11 கிலோ வரை எடை, விரல்களுக்கிடையே சவ்வு, நுனியை நோக்கித் தட்டையாகும் வால். குடும்பமாகச் சேர்ந்து மீனை வளைத்துப் பிடிக்கும். குறுந்தொகையின் மருதப் பாடலிலேயே வாளை மீனைத் தின்னும் நீர்நாய் வருகிறது. மருத நிலத்துக்கு அவ்வளவு பழைய குடி இது!

இன்றைய நிலை கவலை தருகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. அதற்கு முந்தைய கோடையில் ஆறு வறண்டு, ஆங்காங்கே மடுக்கள்தான் மிஞ்சும். மீனவர்களும் நீர்நாய்களும் தேடுவது அதே மீன்களைத்தான். போதாக்குறைக்கு, வளை தோண்ட வேண்டிய கரையையே மணல் அள்ளுவோர் அழிக்கிறார்கள். உலக அளவில் இந்த நீர்நாய் அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம். தோலுக்காகவும் வளர்ப்புக்காகவும் பிடிக்கப்படுவதால், 2019-இல் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது.

அடுத்த முறை கண்டால் பிளாஷ் வேண்டாம், வளையை நெருங்க வேண்டாம். படத்தை வனத்துறையிடம் காட்டுங்கள். இடத்தைச் சமூக ஊடகங்களில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.