கைராசி மேல் பழி போடாதீர்கள்

மாடியில் செடி வைத்துத் தோற்றுப்போனவர்களைக் கேட்டால், “எனக்குக் கைராசி இல்லைங்க” என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். முதல் வருடம் ஆறு பைகளில் வெறும் கோகோ பீட்டை நிரப்பித் தக்காளி நாற்று நட்டேன். “இதுவே போதும், மண்ணே வேண்டாம்” என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றே வாரத்தில் இலைகள் வெளிறி, ஓரங்கள் தீய்ந்துபோயின. குற்றம் பைக்குள் இருந்தது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது.

நம்பிக்கை: கோகோ பீட் ஒரு நல்ல உரம்.

உண்மை: அது உரமே இல்லை. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூளான நார்க்கழிவுதான் அது. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளுக்கு வெளியே மலைமலையாகக் குவிந்து கிடக்கும். தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்குக் காற்றும் விடும்; அதன் பெருமை அவ்வளவுதான். தழைச்சத்து மிகக் குறைவு. பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் நூறு பங்குக்கும் மேல். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் நாம் செடிக்கு வைத்த தழைச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மட்கவைக்கச் சொல்கிறது. அப்படி மட்கியது உரம். கடையில் கட்டியாக விற்பது பெரும்பாலும் மட்காதது.

நம்பிக்கை: கோகோ பீட்டை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தெளிந்துவிட்டால் அதிலுள்ள உப்பு போய்விட்டது.

உண்மை: பிழிந்த நீரின் பழுப்பு நிறம் மட்டையின் கறை. உப்புக்கு நிறம் கிடையாது. தெளிந்த நீரிலும் இருக்கும். ஆர்.ஓ. குடிநீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருந்தால், குழாய்த் தண்ணீரை முதலில் அளந்துகொள்ளுங்கள். பிழிந்து வடியும் நீரின் அளவு அதற்குப் பக்கத்தில் வரும்வரை அலசுங்கள். வாங்கும்போதே உப்பு குறைந்த ‘லோ இ.சி.’ கட்டி என்று கேட்டு வாங்கினால் பாதி வேலை மிச்சம்.

நம்பிக்கை: தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும்.

உண்மை: இதைத்தான் நான் விடாப்பிடியாக நம்பினேன். எங்கள் வீட்டில் ஓட்டுச்சில்லும் ஜல்லியும் போடாமல் ஒரு தொட்டியும் நிரம்பியதில்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாட்டில் பிடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும். மண் கலவையும் இப்படித்தான். எவ்வளவு வடிந்தாலும், அடியில் ஓர் உயரத்துக்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். பொடியான கலவைக்குக் கீழே ஜல்லி இருந்தால், கலவையின் அடிப்பாகம் சொதசொதவென்று ஆகாதவரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. ஆக, அந்த ஈர அடுக்கு கீழே போவதற்குப் பதில் ஜல்லிக்கு மேலே ஏறி, நேராக வேர்மட்டத்துக்கு வந்துவிடுகிறது. வேர் மூச்சு முட்டி அழுகும். ஜல்லிக்குக் கொடுத்த இடத்தையும் கலவைக்கே கொடுங்கள். துளை அடைபடாமலிருக்க ஒரு துண்டு வலை போதும், மண் ஒழுகாது. தக்காளி, கத்தரிக்கு ஓரடியாவது ஆழமுள்ள பை வையுங்கள்.

நம்பிக்கை: நிலத்தில் விளைச்சல் தரும் செம்மண் தொட்டிக்கும் போதும்.

உண்மை: நிலத்தில் மண்புழுவும் ஆழமும் மண்ணை இளக வைக்கின்றன. பைக்குள் அவை இல்லை. நாள்தோறும் நீர் ஊற்ற ஊற்றச் செம்மண் மட்டும் இறுகிப் பாறையாகிவிடும், மாடிக்கும் பாரம். செம்மண், அலசிய கோகோ பீட், மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், மூன்றும் சமபங்கு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கலவைதான். அதன்பின்னும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேலுரம் வேண்டும்.

பை நிரப்புமுன் கலவையை லேசாக நனைத்து ஒரு பிடி அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும்; விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களியாக ஒட்டினால், இன்னும் கொஞ்சம் கோகோ பீட் சேர்க்காமல் நாற்றைக் கையில் எடுக்காதீர்கள்.