சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது? – திறன்பேசியில் சேமித்த கடவுச்சொற்களைக் கண்டறிதலும் பேணுதலும்

வெளியூர் புறப்படும்போது வாசற்பூட்டை இருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள் நாம். சாவி யாரிடம் உள்ளது, மாற்றுச்சாவி எந்த அலமாரியில் உள்ளது என்பதையும் நன்கு அறிவோம். ஆனால் நம் திறன்பேசி சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்கள் எங்கே உள்ளன, அவற்றை வேறு யாரால் காண இயலும் என்று கேட்டால் நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம்.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். நாக்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குப் பெங்களூருவில் பணிபுரியும் மகன் திறன்பேசி வாங்கித் தருகிறார். அவசரத்தில் தமது கூகுள் கணக்கையே அதில் இணைத்தும் விடுகிறார். மின்கட்டணம், ரயில் முன்பதிவு, காப்பீடு, ஓய்வூதியம் என ஒவ்வொரு தளமாக அம்மையார் பயன்படுத்தப் பழகுகிறார். “கடவுச்சொல்லைச் சேமிக்கவா?” என்று கைபேசி கேட்கும்போதெல்லாம் “ஆம்” என்று தொடுகிறார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அக்கைபேசி பழுதாகிறது. புதிய கைபேசியில் கடைக்காரர் புதிய கணக்கொன்றைத் தொடங்கித் தருகிறார். இப்போது எந்தத் தளமும் திறக்கவில்லை; ஒரு கடவுச்சொல்லும் அவர் நினைவில் இல்லை. அதே வேளையில், மகனின் கணக்கு இணைக்கப்பட்ட பேரனின் டேப்லெட்டில் அத்தனை கடவுச்சொற்களும் வரிசையாக இருக்கின்றன.

உரியவருக்குத் திறக்கவில்லை, பிறருக்குத் திறந்து கிடக்கிறது. இவ்விரண்டும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள். அதனை நீக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கைபேசியிலா, கணக்கிலா?

முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நாம் சேமிக்கும் கடவுச்சொல் பெரும்பாலும் அந்தக் கைபேசியோடு நின்றுவிடுவதில்லை. அதில் இணைக்கப்பட்டுள்ள கணக்கில் சென்று சேர்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அது கூகுள் கணக்கு. ஐபோனில் ஆப்பிள் கணக்கு. ஆகவே, அதே கணக்கு இணைக்கப்பட்ட பிற கைபேசி, டேப்லெட், கணினி ஆகியவற்றிலும் அக்கடவுச்சொற்கள் தோன்றக்கூடும். கைபேசி பழுதானாலும் கணக்கு நம்முடையதாக இருந்தால் கடவுச்சொற்கள் மீளக் கிடைக்கும். கணக்கு பிறருடையது எனில், கைபேசி நம் கையிலேயே இருந்தாலும் சாவிக்கொத்து அவரிடமே உள்ளது.

எனவே, “என் கடவுச்சொல் என்ன?” என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, “என் கைபேசியில் இருப்பது யாருடைய கணக்கு?” என்பதாகும். செட்டிங்ஸ் பகுதியில் ‘கூகுள்’ என்பதைத் தொட்டால் மின்னஞ்சல் முகவரி தோன்றும். ஐபோனில் செட்டிங்ஸின் உச்சியில் உள்ள பெயரைத் தொட்டால் அவ்விவரம் கிடைக்கும். அம்முகவரி உங்களுடையதா என்று இன்றே பாருங்கள்.

கண்டறியும் வழி

ஆண்ட்ராய்டு கைபேசியில் எளிய வழி குரோம் உலாவியாகும். அதன் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்’ என்பதைத் திறக்க வேண்டும். தளங்களின் பெயர்கள் பட்டியலாகத் தோன்றும். ஒரு பெயரைத் தொட்டால் கைபேசி உங்கள் கைரேகையையோ திரைப்பூட்டின் எண்ணையோ கேட்கும். அதன் பின்னர்ப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டும்.

ஐபோனில் 2024 செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 18 முதல் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்ற தனிச் செயலி உள்ளது. அதற்கு முந்தைய சில பதிப்புகளில் செட்டிங்ஸ் பகுதிக்குள்ளேயே ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்ற பிரிவு இருக்கும்.

கைபேசிக்குக் கைபேசி பட்டியலின் அமைப்பு சற்று மாறுபடும். வழி தெரியாவிடில், செட்டிங்ஸின் தேடுபெட்டியில் ‘பாஸ்வேர்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் உரிய பகுதி தென்படும். சாம்சங் கைபேசிகளில் ‘சாம்சங் பாஸ்’ என்ற பெட்டகமும், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் போன்ற உலாவிகளில் அவற்றிற்கே உரிய பெட்டகங்களும் இருக்கலாம். தேடிய கடவுச்சொல் ஓரிடத்தில் கிட்டவில்லையெனில் மற்ற இடங்களிலும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: இப்பட்டியலைத் திறந்திருக்கும்போது, கைபேசித் திரையைப் பிறருடன் பகிரும் செயலி எதுவும் இயங்கக் கூடாது. “உதவி செய்கிறோம், திரையைக் காட்டுங்கள்” என்று தொலைபேசியில் எவர் கூறினாலும் இணங்காதீர்கள்.

பட்டியலை ஒழுங்குபடுத்துதல்

பட்டியலைக் கண்டதும் பலருக்கு வியப்பு ஏற்படும். என்றோ ஒருமுறை பொருள் வாங்கிய தளமும், மறந்துபோன வேலைவாய்ப்புத் தளமும் அதில் இருக்கும். இங்கு இரண்டு செய்திகளைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பட்டியலில் உள்ள கடவுச்சொல்லைத் திருத்தினால், அந்தத் தளத்தின் கடவுச்சொல் மாறிவிடாது. முதலில் தளத்திற்குச் சென்று மாற்ற வேண்டும். பின்னரே பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, பட்டியலிலிருந்து ஒரு பதிவை நீக்கினால், அந்தத் தளத்தில் உங்கள் கணக்கு மறைந்துவிடாது. கணக்கே வேண்டாம் எனில், தளத்திற்குச் சென்று அதனை முடித்துக்கொள்ளுதல் வேண்டும்.

கூகுள், ஆப்பிள் ஆகிய இரண்டின் பெட்டகங்களிலும் கடவுச்சொற்களைச் சோதிக்கும் வசதி உண்டு. வெளியில் கசிந்தவை, பல இடங்களில் ஒன்றேயாக உள்ளவை, எளிதில் ஊகிக்கத் தக்கவை என அது பிரித்துக் காட்டும். கசிந்தவற்றை உடனே மாற்றுங்கள். அடுத்து, ஒரே கடவுச்சொல் பல தளங்களில் இருப்பின் அவற்றை மாற்றுங்கள். பாதுகாப்புக் குறைந்த சிறு தளமொன்றிலிருந்து திருடப்படும் கடவுச்சொல்லை, மின்னஞ்சலிலும் பிற தளங்களிலும் இட்டுப் பார்ப்பது குற்றவாளிகளின் வழக்கம்.

பெட்டகத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. தளத்தின் முகவரி சரியாகப் பொருந்தினால் மட்டுமே அது கடவுச்சொல்லை இட முன்வரும். வழக்கமாகத் தானே நிரம்பும் இடம் ஒருநாள் நிரம்பவில்லை எனில், சற்று நில்லுங்கள். எழுத்தொன்று மாறிய போலித் தளத்தில் நீங்கள் இருக்கக்கூடும்.

எவற்றைச் சேமித்தல் ஆகாது?

நாளிதழ், பொருள் விற்கும் தளம், பயணப் பதிவு போன்றவற்றின் கடவுச்சொற்களை உங்கள் சொந்தக் கணக்கின் பெட்டகத்தில் சேமிப்பது, எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட மிகவும் பாதுகாப்பானது. ஆனால் இணையவங்கிச் சேவையின் கடவுச்சொல்லையும் பரிவர்த்தனைக் கடவுச்சொல்லையும் உலாவியில் சேமிக்காதீர்கள். மற்றெல்லாப் பூட்டுகளும் உடைந்தாலும், பணப்பெட்டிக்கு வேறொரு சாவி வேண்டும் என்பதே இதன் காரணம். உலாவி சேமிக்கவா என்று கேட்கும்போது ‘நெவர்’ என்பதைத் தொட்டால் அத்தளத்திற்கு மீண்டும் கேட்காது. முன்பே சேமித்திருந்தால் அப்பதிவை நீக்கிவிடுங்கள். பழைய கடவுச்சொல் தானே நிரம்பி, பலமுறை தவறாகச் சென்று, உங்கள் உள்நுழைவு முடக்கப்படும் தொல்லையும் இதனால் நீங்கும்.

யுபிஐ பின், ஏடிஎம் பின், அட்டையின் பின்புறமுள்ள சிவிவி எண் ஆகியவற்றைக் கைபேசியில் எவ்வடிவிலும் எழுதிவைக்கக் கூடாது. தொடர்புப் பட்டியலில் ‘ஏடிஎம் மாமா’ என்ற பெயரில் ஒரு போலி எண், தமக்குத் தாமே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி, கடவுச்சொல் எழுதிய தாளின் புகைப்படம் ஆகியவை மறைவிடங்கள் ஆகா. தொடர்புகளையும் படங்களையும் காண எத்தனையோ செயலிகளுக்கு நாமே இசைவு அளித்திருக்கிறோம்.

பற்று அட்டையைக் கைபேசி உறைக்குள் வைக்கும் பழக்கத்தையும் விட்டொழியுங்கள். அட்டையின் கடைசி 6 இலக்கங்கள், அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும், பதிவுசெய்த எண்ணுக்கு வரும் ஓடிபி ஆகியவற்றைக் கொண்டு யுபிஐ பின்னைப் புதிதாக அமைக்கும் வசதி உள்ளது. சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும் என்றாலும், அட்டையும் சிம்மும் ஒரே கையில் சிக்குவது பேரிடர்.

காவல் நிற்கும் பூட்டுகள்

சேமித்த கடவுச்சொற்கள் அனைத்திற்கும் காவலாக நிற்பவை இரண்டே: கைபேசியின் திரைப்பூட்டு, கணக்கின் கடவுச்சொல்.

திரைப்பூட்டுக்குக் குறைந்தது 6 இலக்க எண்ணை வையுங்கள். பிறந்த ஆண்டு வேண்டாம். யுபிஐ பின்னும் ஏடிஎம் பின்னும் திரைப்பூட்டும் ஒன்றாக இருக்கவே கூடாது. பேருந்தில் தோளுக்குப் பின்னிருந்து ஓர் எண்ணைக் கண்டவர் மூன்று கதவுகளையும் திறந்துவிடுவார். பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு அறிவிப்புகளை அமையுங்கள். இல்லையேல் திறக்காமலே ஓடிபியைப் படித்துவிடலாம்.

கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் நீளமானதாகவும் வேறெங்கும் பயன்படாததாகவும் இருத்தல் வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். கைபேசி தொலைந்த நாளில் சரிபார்ப்புச் செய்தி அக்கைபேசிக்கே செல்லுமாதலால், கூகுள் தரும் ‘பேக்கப் கோட்’ எனும் 8 இலக்க எண்களைத் தாளில் அச்சிட்டு வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அவை 10 எண்கள்; ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும்.

இவ்விரண்டுக்கும் துணையாகச் சிம் அட்டைக்கும் பூட்டு உண்டு. அதனை இயக்கினால், சிம்மை வேறு கைபேசியில் இட்டு ஓடிபி பெற இயலாது. ஆனால் தொடக்கப் பின்னைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டறிந்த பிறகே இதனைச் செய்யுங்கள். மூன்று முறை தவறினால் சிம் முடங்கும். பின்னர் ‘பக்’ எண் இன்றித் திறக்காது.

கைபேசி தொலைந்தால்

பதற்றத்தில் வரிசை தவறும். எனவே இதனை எழுதி வீட்டில் ஒட்டிவையுங்கள்.

1. பிறர் கைபேசியிலிருந்து வங்கியின் உதவி எண்ணை அழைத்து, யுபிஐ, இணையவங்கி, அட்டை ஆகியவற்றை முடக்கச் சொல்லுங்கள்.
2. தொலைபேசி நிறுவனத்தை அழைத்துச் சிம்மை முடக்குங்கள்.
3. நம்பிக்கைக்குரிய வேறொரு கருவியில் உங்கள் கணக்கினுள் நுழைந்து, தொலைந்த கைபேசியைப் பூட்டுங்கள் அல்லது அதிலுள்ளவற்றை அழியுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.
4. காவல்துறையில் புகார் அளித்து, அதன் நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் கைபேசியின் ஐஎம்இஐ எண்ணை முடக்குங்கள். 15 இலக்கமுள்ள அந்த எண்ணை, *#06# என்று அழுத்தி இப்போதே குறித்துவையுங்கள்.
5. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

விரைவு ஏன் முக்கியம்? அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு நெறியை வகுத்தது. கடவுச்சொல் போன்ற விவரங்களைப் பகிர்ந்தது முதலிய வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவரையே சாரும். தெரிவித்த பின் நேர்வதை வங்கி ஏற்கும். ஆகவே, முதல் அழைப்பை எந்த நிமிடத்தில் செய்தோம் என்பதற்கே விலை உண்டு.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

“எனக்கு ஏதேனும் நேர்ந்தால் வீட்டார் பணத்தை எடுக்க வேண்டுமே” என்றெண்ணிக் கடவுச்சொற்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவைக்கும் பெரியவர்கள் உண்டு. எண்ணம் நல்லது, வழி பிழையானது. கடவுச்சொல் மரபுரிமை ஆகாது. அதற்கென அமைந்த வழி நியமனதாரர் பதிவே. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். உங்கள் கணக்குகளில் இப்பதிவு உள்ளதா என்று கிளையில் கேட்டறியுங்கள். எந்த வங்கியில் என்ன கணக்கு உள்ளது என்ற பட்டியலை மட்டும் வீட்டாருக்குத் தெரிவியுங்கள். கடவுச்சொற்கள் அதில் வேண்டாம்.

நாக்பூர் அம்மையார் என்ன செய்யலாம்?

தொடக்கத்தில் கண்ட ஆசிரியைக்கும் வழி உண்டு. புதிய கைபேசியில் உள்ள கணக்கு தம் பெயரில் தம் கைபேசி எண்ணோடு உள்ளதா என்பதை அவர் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடைக்காரர் இட்ட கடவுச்சொல்லையும் தாமே மாற்ற வேண்டும். பின்னர், மகனின் கணக்கில் உள்ள பட்டியலைத் தொலைபேசியில் கேட்டு, தளங்களின் பெயர்களை மட்டும் எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு தளத்திலும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற வழியில், தம் எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு புதிய கடவுச்சொல் அமைக்கலாம். மகன் தம் கணக்கிலிருந்து பழைய பதிவுகளை நீக்கிவிட்டால் கணக்கு தீர்ந்தது.

இதற்கு ஒரு பிற்பகல் போதும். அதன் பின் தாயின் சாவி தாயிடமே இருக்கும். மகன்மீது நம்பிக்கை குறைந்துவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. மகன் அருகில் இல்லாத நாளிலும் தம் ஓய்வூதியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள இயலும் என்பதே பொருள். வரும் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டுப் பெரியவரின் கைபேசியை அவருடனேயே அமர்ந்து திறந்து, அதில் இருப்பது யாருடைய கணக்கு என்று பாருங்கள்.