பதினான்காம் பக்கத்தில் என் பெயர்

தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆலை அவசரகாலத் திட்டம் வந்தது. பார்த்துத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறாய். பதினான்காம் பக்கத்தில், இரவில் குளோரின் கசிந்தால் முதலில் கூப்பிட வேண்டிய ஆள் என்று என் பெயரும் நம்பரும் இருக்கின்றன. நான் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. அட்டையில் மட்டும் 'திருத்தப்பட்டது' என்று இந்த வருஷத் தேதி.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. நானும் இப்படித்தான் இருந்தேன். சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்த புதிதில், ஆடிட் வருகிறது என்றால் ஃபைலைத் திறப்பேன், தேதியை மாற்றுவேன், மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவேன். அதற்குப் பெயர் ரிவ்யூ.

1989-ம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகள் உனக்கு மனப்பாடமாகவே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை. ஆலையில் எது மாறினாலும் திட்டமும் மாற வேண்டும். திட்டம் யார் யாரைத் தொடுகிறதோ அவர்கள் ஒவ்வொருவருக்கும் தங்கள் பங்கு தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டைத்தான் ஆடிட்டில் கேட்பார்கள். உயிர் காப்பது மூன்றாவது.

இந்த விதிகள் பிறந்ததே போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு. 1984 டிசம்பரில் அங்கே வாயுவை எரித்துவிடும் ஃபிளேர் டவர் இருந்தது. அதற்குப் போகும் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். டேங்கைக் குளிர வைக்கும் யூனிட் இருந்தது. அதை நிறுத்தி மாதக்கணக்கு. 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்தபோது, சைரனை ஒலிக்க வைக்க ஆலை வளாகத்தில் 36 இடங்கள் இருந்தன. ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. காகிதத்தில் பார்த்தால் இரண்டு இடத்திலும் எல்லாம் இருந்தது. அதனால் 'இருக்கிறது' என்று திட்டத்தில் படிக்கும்போதெல்லாம், எழுந்து போய்ப் பார்.

நம்பர்களிலிருந்து தொடங்கு. ஒவ்வொன்றுக்கும் நீயே போன் போடு. நான் ஒரு தடவை அப்படிப் போட்டபோது ஒரு வீட்டில் மருமகள் எடுத்தார். மாமா இறந்து எட்டு மாதமாகிறது என்றார். அவர் எங்கள் திட்டத்தில் மீட்புக் குழுத் தலைவர். என்ன சொல்லி வைப்பதென்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம்பருக்குப் பக்கத்தில் பெயரை எழுதாதே, பதவியை எழுது. அந்தந்த ஷிப்டில் அந்தப் பதவியில் இருப்பவர் கையில் ஒரு பொது போன் இருக்கட்டும்.

அடுத்து காற்று. குளோரின் சிலிண்டர்கள் வைக்கும் உங்கள் டன்னர் ஷெட்டுக்கு மேற்கே, கேட் பக்கத்தில் ஒரே ஒரு கூடுமிடம் போட்டிருக்கிறீர்கள். கிழக்கே கடல். மதியம் கடற்காற்று எழுந்தால் ஷெட்டில் கசிவது நேரே கேட்டுக்குத்தான் வரும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து வந்து, கூடி நிற்கும் ஜனங்களைத் தேடிப் பிடிக்கும். இத்தனை வருஷம் இது யாருக்கும் உறைக்காததற்குக் காரணம், ஒத்திகையைக் காலை பதினொரு மணிக்கே வைத்து, சமோசாவும் குரூப் போட்டோவுமாக முடித்துவிடுவதுதான். அந்நேரம் பெரும்பாலும் கடற்காற்று எழுந்திருக்காது. எதிர்த் திசையில் இரண்டாவது கூடுமிடம் வேண்டும். எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, காற்றின் திசை காட்டும் விண்ட் சாக் வேண்டும். கிழியாத விண்ட் சாக்.

எனக்குப் புத்தி வந்தது ஓர் இரவு ஷிப்டில். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மணிக்கு ஒத்திகை வைத்தேன். 'சுவாசக் கருவி 4 செட்' என்று திட்டம் சொன்னது. நாலும் இருந்தன, சிலிண்டரில் காற்றும் இருந்தது. இரும்பு பீரோ பூட்டியிருந்தது. சாவி ஸ்டோர் கீப்பரிடம். அவர் சாயங்காலம் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார். களவு போகிறது என்று பூட்டி வைத்தாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலையை அவர் பார்த்தார். ஆபரேட்டர் பையன் ஒருவன் ஸ்பேனரால் பூட்டை அடித்துக்கொண்டிருந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பதினொரு நிமிஷம்.

அன்றைக்கே தலை எண்ணியதில் காண்டிராக்ட் ரிஜிஸ்டரில் 43 பேர், வரிசையில் நின்றவர்கள் 37. மீதி ஆறு பேர் 'அவுட்' எழுதாமலே வீட்டுக்குப் போனவர்கள் என்று தெரிய அரை மணி நேரம் ஆனது. நிஜமாகவே கசிந்திருந்தால் அந்த ஆறு பேரைத் தேடி யாராவது உள்ளே போயிருப்பார்கள்.

இன்னொன்று. உன் ஷிப்டில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். போர்டுகள் இங்கிலீஷிலும் தமிழிலும் இருக்கின்றன. போர்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. அதைவிட, அவர்களில் மூத்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், எந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர் வாயாலேயே அவர்களுக்குச் சொல்ல வை. செக்யூரிட்டி ஏஜென்சி மாறும்போதெல்லாம் இதையே திரும்பச் செய். கேன்டீன் அக்காக்களை விட்டுவிடாதே. அடுப்பை அணைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நூற்றுப் பத்துப் பக்கத் திட்டத்தை இன்ஸ்பெக்டருக்காக வைத்துக்கொள். கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்ட ஒரே ஒரு பக்கம் எழுது. முதல் பத்து நிமிஷம் யார் என்ன செய்வது, அவ்வளவுதான். அதை நீ எழுதாதே. இரவு ஷிப்ட் ஆட்களைச் சொல்லச் சொல்லி நீ எழுதிக்கொள்.

மேனேஜர் ராத்திரி ஒத்திகைக்கு முகம் சுளிப்பார், உற்பத்தி கெடும் என்பார். எனக்கும் மெமோ வந்தது. வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

என் பெயரை இன்றைக்கே அடித்துவிடு. அந்தப் பீரோ கதவில் கண்ணாடி போட்டுத் தரச் சொல்லி, ஓய்வு பெறுவதற்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய சேஃப்டி ஆபீசர்