சங்கத்துக்குச் சுமைவண்டி வாங்குமுன்

நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் இப்போதெல்லாம் ஒரே பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "நமக்கென்று ஒரு டீசல் வண்டி இருந்தால் வாடகைக்குப் போகிற பணம் மிஞ்சுமே" என்பதே அது. நெசவாளர் சங்கத்தார் நூல் கட்டையும் போர்வைக் கட்டையும் எண்ணிச் சொல்கிறார்கள். விவசாயிகள் சங்கத்தார் தக்காளிப் பெட்டியையும் மஞ்சள் மூட்டையையும் எண்ணிச் சொல்கிறார்கள். ஆசை நியாயமானதே. எனினும் வண்டி என்பது பல ஆண்டுகளுக்குச் சங்கத்தின் கணக்கில் ஏறிக் கொள்ளும் பொருள். அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஆதலின் இம்மாதப் பாடத்துக்கு அதனையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. மலைமேல் காய்கறி விளைவிக்கும் சிறு விவசாயிகளின் சங்கம் ஒன்று, கடன் பெற்று டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியது. விற்பனையாளர் எஞ்சினின் குதிரைத்திறனைச் சொன்னார், தவணையைச் சொன்னார், குழுவினர் இசைந்தனர். ஒரு விடியற்காலையில் 70 பெட்டித் தக்காளியை ஏற்றிக்கொண்டு, 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் அந்த வண்டி இறங்கியது. பாதி வழியில் பிரேக் கருகும் நாற்றம் எழுந்தது. பிறகு மிதித்த பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டுநர் மதி இழக்காமல் வண்டியை மலைப்பக்கத்து ஓடையில் சாய்த்து நிறுத்தினார். உயிர் தப்பியது, ஒரு கால் முறிந்தது. தக்காளி முழுவதும் பாழாயிற்று. அனுமதித்த எடைக்கு மேல் சுமை இருந்தமையால் காப்பீட்டுத் தொகையிலும் ஒரு பகுதி குறைந்தது. அந்தச் சங்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்குப் பங்கு ஈவு இல்லை.

இதில் நம்முடைய குறையும் உண்டு. வண்டி வாங்கிய தீர்மானத்தை முந்திய ஆண்டு ஆய்வில் நாமே பார்வையிட்டோம். மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டனவா, குழுவின் கையொப்பம் உண்டா என்று பார்த்தோம். இந்த வண்டி எவ்வளவு சுமக்கும், நீங்கள் ஏற்றப் போவது எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே பிழை வெளிப்பட்டிருக்கும். அந்தக் கேள்வியை இனி எந்தச் சங்கமும் விட்டுவிடலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

1. முதற் கணக்கு எடைக் கணக்கு

ஒவ்வொரு சுமைவண்டிக்கும் மொத்த எடை என்று ஓர் எல்லை உண்டு. வண்டியும், எரிபொருளும், ஆட்களும், சரக்கும் எல்லாம் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டலாகாது. பதிவுச் சான்றிதழில் மொத்த எடையும் வெற்று எடையும் எழுதப்பட்டிருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவது சுமக்கும் அளவு. ஆனால் அது முழுவதும் சரக்குக்கு உரியதன்று.

எடுத்துக்காட்டாக, மொத்த எடை 2,900 கிலோ, வெற்று எடை 1,600 கிலோ உள்ள வண்டி ஒன்றைக் கொள்வோம். மீதி 1,300 கிலோ. ஓட்டுநரும் உதவியாளரும் 140 கிலோ. பிறகு கட்டிய பலகை அடைப்பும் தார்ப்பாயும் கயிறும் 100 கிலோ. இவை போகச் சரக்குக்கு மிஞ்சுவது 1,060 கிலோ. நிறைந்த தக்காளிப் பெட்டி ஒன்று 27 கிலோ என்றால் 39 பெட்டிகளே ஏற்றலாம். 70 பெட்டிகள் ஏற்றினால் சரக்கு மட்டும் 1,890 கிலோ. எல்லாம் சேர்ந்து 3,730 கிலோ. எல்லைக்கு மேல் 830 கிலோ! பிரேக், வில்தகடு, டயர் எல்லாம் 2,900 கிலோவுக்கென்று செய்யப்பட்டவை. மலையிறக்கத்தில் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் எடைக்கு ஏற்ப வளரும். இங்கே அது நூற்றுக்கு 29 பங்கு கூடிவிட்டது. பிரேக் கருகியதில் வியப்பில்லை.

சட்டமும் இதனைக் கண்டிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மிகைச் சுமைக்குத் தண்டம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிகைச் சுமையை இறக்கும் செலவும் நம்முடையதே.

2. இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு

இவ்விரண்டையும் குழப்பிக் கொள்பவர்கள் நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் விடுமுறைக் காலத்தில் கேம்பர் எனப்படும் சக்கர வீட்டைப் பிக்கப் வண்டியின் பின்னே பூட்டிக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்வர். இதற்கு டீசல் எஞ்சினை விரும்புவோர் மிகப் பலர். அங்குள்ள டாட்ஜ் வண்டியில் கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் 1989-ம் ஆண்டு மாடலில் இடம்பெற்ற பின் இவ்வழக்கம் வலுப்பெற்றது.

இவ்வண்டி 6,000 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கும். ஒருவர் 4,500 கிலோ எடையுள்ள சக்கர வீட்டை வாங்குகிறார். இழுக்கும் எல்லைக்குள்தானே என்று எண்ணுகிறார். ஆனால் வண்டித் தட்டின் நடுவே பூட்டும் வகைச் சக்கர வீடு, தன் எடையில் சற்றேறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழுக்கும் வண்டியின் முதுகில் வைக்கும். அது 900 கிலோ. குடும்பத்தாரும் மூட்டை முடிச்சும் 350 கிலோ. ஆக 1,250 கிலோ. அவர் வண்டி சுமக்கும் அளவோ 1,100 கிலோ. இழுக்கும் கணக்கில் தேறியவர் சுமக்கும் கணக்கில் தவறிவிட்டார்.

வண்டியின் பின்முனையில் பூட்டும் வகைக்கு வேறு விதி. அதில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு எடை கொக்கியின்மேல் இருக்க வேண்டும். குறைந்தால் பின்வண்டி வாலைப்போல் ஆடி முன்வண்டியையும் கவிழ்க்கும். மிகுந்தாலோ முன்வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் தரையில் அழுந்தாது.

நம் பிக்கப் வண்டிக்கும் இது பொருந்தும். கனமான மூட்டைகளைப் பின்சக்கரத்துக்கு அப்பால் கடைசியில் அடுக்கினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். ஸ்டியரிங் சொன்னபடி கேளாது. கனமானவற்றைப் பின் அச்சுக்கு முன்னே, தரையை ஒட்டி அடுக்குவதே முறை.

3. குதிரைத்திறனைவிட முறுக்குவிசையைப் பாருங்கள்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். இதில் தீப்பொறி இல்லை. காற்றைப் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அழுத்தினால் அது கொதித்தெழும். அதில் எண்ணெயைப் பீய்ச்சியவுடன் பற்றிக்கொள்ளும். இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தினாலேயே டீசல் எஞ்சின் குறைந்த எரிபொருளில் மிகுந்த வேலை செய்கிறது. மெதுவாகச் சுழலும்போதே வலுவாக முறுக்குகிறது.

பணிமனையில் டார்க் என்று சொல்வது இந்த முறுக்குவிசையைத்தான். 50 கிலோவாட் திறனுள்ள இரண்டு எஞ்சின்களைக் கொள்வோம். ஒன்று அத்திறனை நிமிடத்துக்கு 4,000 சுற்றில் தருகிறது. அப்போது அதன் முறுக்குவிசை சுமார் 119 நியூட்டன் மீட்டர். மற்றது 2,000 சுற்றிலேயே தருகிறது. அதன் முறுக்குவிசை சுமார் 239. திறன் ஒன்றே. ஆனால் நிறைசுமையோடு மேட்டில் நின்று கிளம்பும்போது இரண்டாவதே நமக்கு உதவும். விலைப்புள்ளி கேட்கும்போது எத்தனை முறுக்குவிசை, எத்தனையாவது சுற்றில் என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மலையிறக்கத்தில் கால் எடுத்தவுடன் வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் தடை, பெட்ரோல் எஞ்சினைவிட டீசலில் இயல்பாகக் குறைவு. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்னும் பழைய விதியை ஓட்டுநர் மறக்கலாகாது.

4. டீசல் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. அதன் பொருட்டு டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி வைக்கப்படுகிறது. தேங்கிய கரி எரிந்து போவதற்குப் புகைக்குழாய் நன்கு சூடேற வேண்டும். அதற்கு வண்டி நெடுந்தூரம் சீராக ஓட வேண்டும். நாள்தோறும் சங்கத்திலிருந்து சாயப்பட்டறைக்கு ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அத்தகைய நெசவாளர் சங்கத்துக்கு டீசல் ஏற்றதன்று. அறுபது எழுபது கிலோமீட்டர் சந்தைக்குச் செல்லும் விவசாயிகள் சங்கத்துக்கு அதுவே ஏற்றது.

சில வண்டிகளில் டி.இ.எஃப். என்னும் யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். அதில் நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா. "வயலுக்கு இடும் யூரியாவையே கரைத்து ஊற்றினால் என்ன?" என்று ஓர் அங்கத்தினர் நம்மைக் கேட்டார். கூடாது. உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசப்பட்டிருக்கும். அதுவும் அதிலுள்ள பிற கலப்புகளும் விலையுயர்ந்த புகைச்சுத்திக் கருவியைக் கெடுத்துவிடும்.

சரக்கின் இயல்பும் வேறு வேறு. போர்வைக் கட்டு இடத்தை அடைக்கும், எடை குறைவு. மஞ்சள் மூட்டை தட்டு நிரம்புமுன்பே எடை எல்லையை எட்டிவிடும். ஆகவே நெசவாளர் தட்டின் நீளத்தையும் மழை புகாத மூடியையும் முதலில் பார்க்க வேண்டும். விவசாயிகள் சுமக்கும் அளவையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும்.

5. சொந்த வண்டியா, வாடகை வண்டியா?

ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு ஒன்று. ஓடினால் மட்டும் ஆகும் செலவு மற்றொன்று. தவணை 18,000, ஓட்டுநர் சம்பளம் 18,000, காப்பீடும் வரியும் தகுதிச் சான்றும் 6,000 என மாதம் 42,000 ரூபாய் நிலையான செலவு என்போம். கிலோமீட்டருக்கு டீசலும் டயரும் பழுதும் சேர்ந்து 12 ரூபாய். வாடகை வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 26 ரூபாய். சொந்த வண்டியால் கிலோமீட்டருக்கு மிஞ்சுவது 14 ரூபாய். 42,000-ஐ 14-ஆல் வகுத்தால் 3,000. மாதம் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் சொந்த வண்டியால் ஆதாயம். இருபத்தைந்து நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர்.

இவ்வெண்கள் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னவை. உங்கள் சங்கத்தின் வாடகைச் சீட்டுகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு எடுத்து வைத்து, உங்கள் எண்களை இட்டு வகுத்துப் பாருங்கள். தூரம் போதவில்லை என்றால் அண்டைச் சங்கத்தோடு கிழமை பிரித்துக்கொண்டு ஒரே வண்டியை ஆளலாம். நெசவாளர்க்கு இரண்டு நாள், விவசாயிகளுக்கு நான்கு நாள் என்று உடன்படிக்கை எழுதிக்கொண்டால் இரு சங்கமும் பிழைக்கும்.

6. சட்டத்தில் இரண்டு செய்திகள்

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ம் பிரிவின்படி பர்மிட் தேவையில்லை. இலகுரக வாகன உரிமம் உடையவர் மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் தகுதிச் சான்று எல்லாச் சரக்கு வண்டிக்கும் வேண்டும். எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

முடிவாக ஒன்று சொல்வோம். வண்டி வாங்கும் தீர்மானத்தில் விலையும் தவணையும் மட்டும் இருந்தால் போதாது. ஏற்றும் சரக்கின் எடை, வண்டி சுமக்கும் அளவு, மாதம் ஓடும் தூரம் ஆகிய மூன்று எண்களும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். வண்டி வந்த பின், ஏற்றத்தகும் பெட்டி இத்தனை, மூட்டை இத்தனை என்று கதவின் உட்புறம் வண்ணத்தில் எழுதி வையுங்கள். சந்தையில் விலை ஏறிய நாளில் "இன்னும் பத்துப் பெட்டி போடு" என்று சொல்ல எல்லாருக்கும் நாவெழும். அன்றைக்கு மறுத்துப் பேச ஓட்டுநருக்கு அந்த எழுத்தே துணை. அவரும் நம் ஊழியர். அவர் வீட்டிலும் அவருக்காகக் காத்திருப்போர் உண்டு.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கம் ஒரு நடையில் ஏற்றும் சரக்கின் எடை எவ்வளவு? நிறுத்துப் பார்த்து எழுதுக.

2. மொத்த எடை 3,500 கிலோ, வெற்று எடை 1,850 கிலோ, ஆட்களும் அடைப்பும் 250 கிலோ. 50 கிலோ மூட்டை எத்தனை ஏற்றலாம்?

3. சென்ற ஆண்டு வாடகை வண்டிகள் உங்கள் சங்கத்துக்காக ஓடிய தூரம் எவ்வளவு? சொந்த வண்டி கட்டுமா?

4. எந்த அண்டைச் சங்கத்தோடு வண்டியைப் பங்கிட்டுக் கொள்ளலாம்? கிழமைகளைக் குறித்துக் காட்டுக.

(இரண்டாம் வினாவுக்கு விடை: 28 மூட்டைகள்.)