கல்வராயன் மலையில் வெண்பனி பெய்யுமா?

கேள்வி: மார்கழியில் வெள்ளிமலையில் கை விறைக்கக் குளிர்கிறது. அங்கே வெண்பனி ஏன் பெய்வதில்லை? வார இறுதியில் நண்பர்களோடு பனிச்சறுக்கு விளையாட எங்கே போகலாம்?
– கல்லூரி மாணவர், கள்ளக்குறிச்சி

பதில்: ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரிதான் குறையும். கல்வராயன் மலையின் உயரம் ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர். அந்தக் குளிர் மூடுபனிக்குப் போதும், வெண்பனிக்குப் போதாது. 2,240 மீட்டர் உயர ஊட்டியிலேயே தை மாதத்தில் புல்லின் மேல் உறைபனிதான் படிகிறது.

சறுக்க வேண்டுமானால் இமயமலைக்குத்தான் போக வேண்டும். காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிஃப் கான் அந்தப் பகுதிக்காரர். உத்தரகாண்டின் ஔலியில் 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்தன. இரண்டுக்கும் ஜனவரி, பிப்ரவரி ஏற்ற காலம்.

வார இறுதி போதாது. போக வர நாள் சேர்த்து ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். முதல் பாடமே நிற்கக் கற்பதுதான்: சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, முழங்காலை மடக்கி முன்னால் சாய வேண்டும். அப்போதுதான் வேகம் கட்டுப்படும். பயிற்றுநர் இல்லாமல் இறங்காதீர்கள். ஜீன்ஸ் நனைந்தால் உடம்பு விறைத்துவிடும். நீர் புகாத உடை அவசியம்.

அதுவரை வார இறுதிகளில் அதே நண்பர்களோடு கல்வராயன் ஏறி நடந்து பழகுங்கள். காலில் வலு இருந்தால்தான் பனியிலும் நிற்க முடியும்.