காற்றைக் காப்பதும் பிறரன்பே

மண்ணினால் உருவாக்கிய மனிதனின் நாசியில் இறைவன் உயிர்மூச்சை ஊதினார் என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் கூறுகின்றது. அந்நாள் தொட்டுக் காற்று எல்லோருக்கும் பொதுவான கொடை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்; உணவைத் தெரிந்து உண்ணலாம்; காற்றை அப்படித் தெரிந்தெடுக்க எவராலும் இயலாது. நமது வளவில் எழும் புகையை அடுத்த வீட்டுக் குழந்தை சுவாசித்தே ஆகவேண்டும். ஆகவே இது சுகாதாரப் பாடம் மட்டுமன்று, பிறரன்புப் பாடமுமாகும்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நம் நாட்டின் காற்று மிகவும் கெட்டுப்போய், 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். அன்றைய மாசில் பெரும்பகுதி வடக்கேயிருந்து கடல் கடந்து காற்றோடு வந்தது. அதைத் தடுக்க நம்மால் முடியாது. ஆனால் குசினியிலும் வேலியோரத்திலும் வீதியிலும் நாள்தோறும் நாமே உண்டாக்கும் மாசைக் குறைப்பது நமது கையிலேயே இருக்கின்றது.

புகையில் என்ன இருக்கின்றது?

எரிபொருள் முற்றாக எரியாதபோது கரியும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவும் உண்டாகின்றன. இவ்வாயு இரத்தம் பிராணவாயுவைக் கொண்டு செல்வதைத் தடுக்கும். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகள்கள், அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய 30இல் ஒரு பங்கானவை, சுவாசப்பையின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கும். வீட்டுக்குள் எழும் சமையற் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தாய்மாரும், அவர்கள் அருகே விளையாடும் சிறு பிள்ளைகளுமே இப்புகையை அதிகம் சுவாசிப்பவர்கள்.

குசினியில்

விறகை மாரிக்கு முன்னரே வெட்டிக் காயவைத்து, நனையாமல் அடுக்கி வையுங்கள். ஈரவிறகின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும்; மிஞ்சுவது புகை. பயறு, கடலையை ஊறவைத்து, பானையை மூடிச் சமைத்தால் விறகும் எரிவாயுவும் மிச்சமாகும். இரண்டு பானை வைக்கக்கூடிய அனகி மண் அடுப்பு குறைந்த விறகில் வேலையை முடிக்கும். புகைபோக்கியைக் கரிபிடிக்க விடாதீர்கள். எக்காரணம் கொண்டும் பொலித்தீன் பையை வைத்து அடுப்பு மூட்டாதீர்கள். இரவில் பூட்டிய அறையில் நுளம்புத்திரி கொளுத்துவதிலும் நுளம்புவலை நல்லது.

வளவில்

காலையில் கூட்டிய சருகைக் குவித்து நெருப்பு வைப்பது நம்மிடையே பழகிப்போன வழக்கம். காற்று அசையாத காலையிலும் மாலையிலும் அப்புகை மேலெழாமல் வீடுகளுக்குள்ளேயே படியும். நமது முன்னோர் இலைகுழைகளை மண்ணில் தாட்டுத் தோட்டத்துக்கு உரமாக்கினார்கள். நாமும் தென்னை, வாழையடியில் குழி வெட்டிச் சருகைப் போடலாம். பிளாஸ்டிக், ரயர் ஆகியவற்றை எரிப்பது பெருங்கேடு. சில வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் டயொக்சின் வெளிவரும். அவற்றைப் பிரித்து வைத்துக் குப்பை வண்டியிற் கொடுங்கள்.

வீதியில்

2002ஆம் ஆண்டு நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் வாகனப் புகைப்பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. ஆனால் சான்றிதழ் எடுக்கும் நாளில் மட்டும் எஞ்சினைச் சரிசெய்து, மறுநாள் பழையபடி ஓடுவதில் நேர்மை இல்லை. காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருங்கள். எஞ்சின் எண்ணெயைக் காலத்துக்கு மாற்றுங்கள். ரயரில் காற்றுக் குறைய விடாதீர்கள். திடீரென முறுக்கி எடுத்துத் திடீரென நிறுத்தாமல், சீராக ஓட்டினால் எரிபொருளும் மிச்சம், புகையும் குறைவு. கோயில் வாசலிலும் பாடசாலை வாசலிலும் காத்து நிற்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். அந்தப் புகை பிள்ளைகளின் முகத்திற்குத்தான் போகிறது.

1990களில் பெற்றோல் தடைப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் பெரும்பாலோர் சைக்கிளிலேயே எங்கும் போய்வந்தனர். அன்று வேறு வழியின்றிச் செய்ததை, அருகிலுள்ள கடைக்கும் கோயிலுக்கும் போவதற்காவது இன்று மனமுவந்து செய்யலாமே! ஞாயிறு திருப்பலிக்குக் காரில் போகிறவர்கள், நடக்க இயலாத அயல் வீட்டு முதியவரையும் ஏற்றிச் செல்லலாம்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், சமையற் புகையினால் மக்கள் நோயுறுவதை எடுத்துக்காட்டினார். தேவையானதை மட்டும் சமைத்தல், குப்பையைப் பிரித்தல், பொது வாகனத்திற் செல்லுதல், மரம் நடுதல் போன்ற சிறு செயல்களையும் சிருஷ்டியைப் பேணும் கடமையாகவே அவர் கற்பித்தார். ஆடம்பரமற்ற இச்செயல்களை யாரும் பாராட்டப் போவதில்லை. ஆயினும் அயலவரின் மூச்சை நாம் மதிக்கின்றோம் என்பதற்கு அவையே சாட்சி.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமது வீட்டுப் புகை யார் வீட்டுக்குப் போகின்றது? அங்கே நோயாளியோ குழந்தையோ உண்டா?

2. குசினியில் அம்மாவின் கண் எரிவதைக் குறைக்க, வீட்டிலுள்ள மற்றவர்கள் என்ன செய்யலாம்?

3. இவ்வாரம் எந்தப் பயணத்தை நடந்தோ சைக்கிளிலோ போகலாம்?